தேயிலைத் தூளுக்கு ஒரு காற்று, தொழிலாளி பிள்ளைக்கு ஒரு காற்றா?



மழை தொடங்கிவிட்டது. இனி நெஞ்சு இழுக்கிற பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இரவிலும் டிஸ்பென்சரிக்கு ஓடுகிற காலம். அங்கே மருந்து கொடுக்கிறார்கள். கூடவே புத்திமதியும் கொடுக்கிறார்கள்: “வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள் அம்மா. தூசி கூடாது, ஈரம் கூடாது, புகை கூடாது. தலையணை உறையைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.”

புத்திமதியில் பிழையில்லை. ஆனால் எந்த ஜன்னலை? முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயத்தில் பின்சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் காம்பரா இருக்கிறது. காற்று வர ஒரே வழி இஸ்தோப்புப் பக்கத்துக் கதவு. அந்த இஸ்தோப்பையும் அடைத்துத்தான் அடுப்பு வைத்திருக்கிறோம். 10 அடிக்கு 12 அடி அறையில் ஆறு பேர் படுத்து எழும்புகிற வீட்டில், கதவைத் திறந்தால் புகை உள்ளே வருகிறது, மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கிறது. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் தாய் சுத்தமில்லாதவள் என்று பேர். இந்தப் பேச்சை நாம் இனியும் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

இழுப்பைக் கிளப்பிவிடுவது எது என்று பார்ப்போம். பாயிலும் தலையணையிலும் கம்பளியிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கிறது. அதன் எச்சம்தான் ஒவ்வாமை உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. அறை காய்ந்திருந்தால் அது தானே செத்துப்போகும். ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே, மழைக்காலம் முழுக்கச் சுவர் நனைந்திருக்கிற காம்பராவில் அது பெருகாமல் என்ன செய்யும்? அதே ஈரச் சுவரில்தான் கறுப்புப் பூஞ்சணமும் பிடிக்கிறது. தாய் துடைக்கிறாள், அடுத்த கிழமை மறுபடியும் வருகிறது. கூரையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் வரை துடைத்து என்ன பயன்? தூசிப்பூச்சியைக் கொல்லத் துணியை 60 பாகை அளவு சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும் என்கிறார்கள். சரி, அந்தத் தண்ணீரைச் சுட வைக்க மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டுமே! பூச்சிக்குப் பயந்து புகைக்குள் போகச் சொல்கிற வைத்தியம் இது.

புகைதான் எல்லாவற்றிலும் மோசம். நாம் எரிப்பது கவ்வாத்து மிலாறு. மழையில் நனைந்த மிலாறு தீயைவிடப் புகையைத்தான் அதிகம் தரும். 2022இல் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியதையும், கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. அன்று விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல இன்னும் விறகிலேயே நிற்கின்றன. வீட்டு அடுப்புப் புகை முதலான வீட்டுக் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அநகி அடுப்பு நல்ல அடுப்புத்தான், விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. வருகிற புகை குறைந்தாலும் அது போக வழியில்லாமல் அறைக்குள்ளேயேதான் சுற்றுகிறது.

இனி லயத்தை விட்டு ஸ்டோருக்குள் வாருங்கள். அங்கேயும் விறகுதான் எரிகிறது. ஆனால் அங்கே உயரமான புகைபோக்கி இருக்கிறது. ஏன்? அடுப்புப் புகை கொழுந்தில் பட்டால் தூளில் புகை வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் விலை விழும். வாட்டுகிற தொட்டிகளுக்கு விசிறி வைத்து விடிய விடியக் காற்று அனுப்புகிறார்கள். ஈரம் எவ்வளவு என்று பார்க்க இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்குகிறது. காய்ந்த தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் ஈரம் இருக்கலாம். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும் என்று துரைமாருக்கு நன்றாகத் தெரியும். கூரை ஒழுகித் தூள் மூட்டை நனைந்தால் அன்றைக்கே தகரம் மாற்றப்படும். ஆகவே புகையும் ஈரமும் பூஞ்சணமும் என்ன செய்யும் என்ற அறிவு தோட்ட நிர்வாகத்துக்கு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். புகைபோக்கி கட்டத் தெரியாது என்றும் சொல்ல வேண்டாம். அந்த அறிவு ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. லயத்தின் ஈரத்தை எந்தத் தெர்மாமீட்டரும் இதுவரை அளந்ததில்லை.

ஸ்டோருக்குள்ளும் காற்று தூளுக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. சலிக்கிற பகுதியில் வேலை செய்கிற பெண்களின் தலைமுடியையும் புருவத்தையும் பாருங்கள். பஞ்சுபோல் தூசி படிந்திருக்கும். இது நாம் இட்டுக்கட்டிய குறையல்ல. மருத்துவர் சி. ஜி. ஊரகொட தேயிலை தயாரிப்பவருக்கு வருகிற ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி மறுபடியும் எழுதினார். அதற்கும் முன்னதாக, 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே தூசியை அகற்றக் காற்றோட்டம் வேண்டும் என்கிறது. இவ்வளவும் இருந்தும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்கிற பெண்ணைத்தான் காண்கிறோம்.

கேட்டால் என்ன பதில் வருகிறது? கம்பனி அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் கம்பனியைக் காட்டுகிறது. 1992இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகள் நீண்ட காலக் குத்தகையில் காணியையும் ஸ்டோரையும் அனுபவிக்கின்றன. லாபம் என்றால் தோட்டம் அவர்களுடையது. தகரம் ஓட்டையானால் மட்டும் லயம் யாருடையது என்று தெரியாமல் போய்விடுகிறது. சரி, நாமே சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தால்? அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்றியதாக அடுத்த நாளே கடிதம் வரும்.

நம் பக்கத்திலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிள்ளை இருமிக்கொண்டிருக்கிற காம்பராவுக்குள் உட்கார்ந்து சுருட்டும் பீடியும் இழுக்கிற ஆண்கள் இஸ்தோப்பைத் தாண்டி வெளியே போங்கள். இதற்குத் துரையின் அனுமதி தேவையில்லை. வெயில் அடிக்கிற நாளில் பாய், தலையணை, கம்பளியை வெளியே போடுவது, ஈர மிலாறைப் படுக்கிற அறைக்குள் அடுக்காமல் இருப்பது, அடுப்பு மூட்டும் நேரம் கைக்குழந்தையை இடுப்பில் வைக்காமல் இருப்பது, இவையெல்லாம் கொஞ்சம் உதவும். இவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. மீதி கூரையிலும் சுவரிலும் இருக்கிறது.

எனவே தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இந்த மாதம் ஒரு வேலை செய்ய வேண்டும். லயம் லயமாகப் போய் ஒழுகுகிற காம்பரா எத்தனை, ஜன்னல் இல்லாதது எத்தனை, புகைபோக்கி இல்லாத அடுப்பு எத்தனை, இழுப்புக்கு மருந்து எடுப்பவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், லய இலக்கமும் காம்பரா இலக்கமும் போதும். சலிக்கிற பகுதியில் தூசி உறிஞ்சும் விசிறி வேலை செய்கிறதா, முகமூடி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் சேருங்கள். அதை வைத்து நாம் கேட்கப் போவது: ஒவ்வொரு அடுப்புக்கும் கூரைக்கு மேலே போகிற புகைபோக்கி, இந்த மழைக்குள் தகரம், லயத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்காத கான், இரட்டை லயங்களை உடைத்துத் தனி வீடு. 7 பேர்ச்சஸ் காணியில் புது வீடு கட்டுகிற இடங்களில், சமையலறைக்குப் புகைபோக்கியும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஜன்னலும் வரைபடத்திலேயே இருக்கிறதா என்று அத்திவாரம் போடுவதற்கு முன் பாருங்கள். கட்டி முடித்த பிறகு சுவரை உடைக்க யாரும் வர மாட்டார்கள்.

பட்டியலை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு. ஒன்று தொழில் திணைக்களத்துக்கு. மூன்றாவது சங்கக் காரியாலயத்துக்கு.