பையன்கள் தலையும் பள்ளிக்கூடத்துக் கத்தரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் வேலையில் இருப்பவர்களும், மீசை அரும்பும் வயதில் பையன் இருக்கிற வீட்டுக்காரர்களும் பொறுமையாகப் படித்தால் சந்தோஷம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் முதல் வாரமே தொடங்கிவிடும் பஞ்சாயத்து இது. பிரேயர் முடிந்ததும் பத்துப் பையன்களை வெளியே இழுத்து நிறுத்துவார்கள். பாக்ஸ் கட்டிங், ஸ்பைக், பக்கவாட்டில் மெஷின் போட்டு மேலே மட்டும் முடி விட்டவன், காதோரம் கோடு போட்டவன். முதலில் திட்டு. அதற்கும் மசியாவிட்டால் சில இடங்களில் ஆசிரியரே கத்தரியை எடுத்து, எல்லாரும் பார்க்க முன்னால் ஒரு கொத்து வெட்டிவிடுவார். அரைகுறையாக வெட்டியதைச் சரிசெய்ய அவன் சலூனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இது தப்பு என்பது என் அபிப்பிராயம். ஒழுக்கம் என்ற பெயரில் செய்தாலும் தப்புதான்.

ஆசிரிய நண்பர்கள் சிலர் இதற்குள் கோபப்பட்டிருப்பீர்கள். "சார், நீங்க ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கீங்க, வகுப்புல நிக்கிறது நாங்கதானே" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நாம் ஒழுக்கம் என்று சொல்வதில் பாதி நம்முடைய ரசனை. நாம் இளைஞர்களாக இருந்தபோது எது பழக்கமோ அதுதான் நமக்கு டீசன்ட்.

இன்றைக்கு டீசன்ட் என்று சொல்கிற இந்த கிராப்பின் கதையைப் பாருங்கள். கிராப் என்பதே ஆங்கிலேயன் கொண்டுவந்த சொல். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஆம்பிளை என்றால் குடுமி. திருவிதாங்கூர்ப் பக்கம் நம்பூதிரிகளும் நாயர்களும் முன்குடுமி வைத்திருந்தார்கள். குடுமியை எடுத்துவிட்டு முதன்முதலில் கிராப் வைத்து வீட்டுக்கு வந்த பையன்களை அன்றைய பெரியவர்கள் எப்படி ஏசியிருப்பார்கள் என்று யோசியுங்கள். அன்றைக்கு அடங்காதவன் தலை, இன்றைக்கு ஒழுக்கமானவன் தலை. முடி அதே முடிதான்.

நமக்குக் கிழக்கே, உவரிக்குப் பக்கத்தில் இருக்கிறது இடையன்குடி. கால்டுவெல் வாழ்ந்த ஊர். அவர் காலத்து மிஷனரிகளுக்குள் ஒரு சண்டை நடந்தது. கிறிஸ்தவனாகிறவன் குடுமியை வெட்ட வேண்டுமா, வேண்டாமா? அது பழைய மதத்தின் அடையாளம், வெட்டத்தான் வேண்டும் என்றார்கள் சிலர். கால்டுவெல் அதை ஏற்கவில்லை. குடுமி இந்த நாட்டு மக்களின் வழக்கம், அதை மதத்தோடு முடிச்சுப் போட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே புரிந்த விஷயம் இது.

இந்தப் பக்கம் சாமித்தோப்பு. எளிய சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த காலத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னவர் அய்யா வைகுண்டர் (1809-1851). இன்றும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். தலைக்கு மேலே இருப்பது மானம் சம்பந்தப்பட்டது என்று நம் மண்ணுக்கு வேறு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17: குழந்தைக்கு உடல் தண்டனையும் கூடாது, மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது. அந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் என்று சிலர் வாதாடலாம். பதினைந்தாவது பிறந்தநாளோடு பையனுக்கு மானம் போய்விடுமா?

கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஜப்பானில்கூட மாற்றம் வந்துவிட்டது. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே விடுகிற, நம் பையன்கள் வைப்பது போன்ற ஒரு வெட்டுக்கு டோக்கியோவின் பல அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தடை இருந்தது. 2022 ஏப்ரலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

அதற்காக எதையும் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. காரணம் சொல்ல முடிகிற விதி இருக்கலாம். முடி கண்ணில் விழக்கூடாது, பேன் பொடுகு இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2023இல் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியாது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறு, நெற்றி அடையாளம் எல்லாம் பள்ளியில் வேண்டாம் என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. அதே நியாயப்படி, ஒரு பையன் தன் சாதியைக் காட்டுகிற எழுத்தைத் தலையில் செதுக்கி வந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். அப்போதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கத்தரி வேண்டாம்.

சரி, வேறு என்ன செய்யலாம்? சொல்லிக்கொடுக்கலாம். அதுதானே நம் தொழில்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். பக்கவாட்டில் ஃபேட் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அதன் அழகு கலைந்துவிடும். ஒரு தடவைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனால் வருஷத்துக்கு 17 தடவை, 2,550 ரூபாய். ஆறு வாரம் தாங்குகிற சாதாரண வெட்டு என்றால் 9 தடவை, 1,350 ரூபாய். "மக்கா, நீயே முடிவு பண்ணு, அப்பா எத்தனை நாள் கூலி இது?" என்று கேளுங்கள். கணக்குப் பாடம் நடத்தின மாதிரியும் இருக்கும், பையனும் யோசிப்பான்.

நடிகர் படத்தைப் போனில் காட்டி "இதே மாதிரி" என்று கேட்கும் முன் தன் முடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சுருட்டை முடிக்கு ஒரு வெட்டு, கோரை முடிக்கு ஒரு வெட்டு. ரெட்டைச் சுழி உள்ளவன் உச்சியில் ரொம்பக் குறைத்தால் முடி குத்திட்டு நிற்கும். ஜெல் போட்டால் ராத்திரி கழுவிவிட்டுப் படுக்க வேண்டும். சவரத்துக்குப் புது பிளேடு போடுகிறாரா என்று பார்க்கப் பழக வேண்டும். ஒரே பிளேடைப் பலருக்கும் போட்டால் ரத்தம் வழியாக மஞ்சள் காமாலை பி வகை வரும். சுத்தம் செய்யாத மெஷினால் தலையில் படர்தாமரை தொற்றும். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

இதைச் சொல்லச் சரியான ஆள் நம் ஊர் சலூன்காரர்தான். பையனைத் திட்டும்போது "எவம்லே உனக்கு வெட்டிவிட்டது?" என்று அவரையும் சேர்த்து ஏசுகிறோம். ஒரு காலத்தில் ஊருக்கே வைத்தியம் பார்த்தது அந்தச் சமூகம், பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பெண்கள். மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன் மாரியப்பன் தன் சலூனுக்குள் நூலகமே வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரோடு தமிழில் பேசியது பலருக்கு நினைவிருக்கும். வாத்தியார் சொல்லிக் கேட்காத பையன்களை அவர் நாற்காலியில் உட்காரவைத்துப் புத்தகம் படிக்க வைத்துவிட்டார்.

தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஜூன் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஊர் சலூன்காரரைப் பள்ளிக்கு மரியாதையாக அழையுங்கள். பையன்களோடு பேசட்டும். பிறகு விதிகளைப் பையன்களையும் வைத்துக்கொண்டே எழுதுங்கள். தானும் சேர்ந்து எழுதின விதியைப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் மீற மாட்டார்கள்.

வெட்டின முடி இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். நூறு பேர் முன்னால் தலைகுனிந்து நின்றதை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

மாற்றுக்கருத்து இருந்தால் கீழே சொல்லுங்கள், பேசுவோம்.