தயிர் சாதமும் தடுப்பூசியும்

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு மூன்று மாசம். சனிக்கிழமை பேதி ஆரம்பித்தது. ‘தயிர் சாதம் போடுடா, வயித்துக்குக் குளிர்ச்சி’ என்றாள் அம்மா. போட்டேன். நிற்கவில்லை. திங்கட்கிழமை, ‘எனக்கு வயித்தால போகுது சார்’ என்று ஆபீஸுக்கு போனில் பொய் சொல்லிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

‘பார்வோ ஊசி போட்டாச்சா?’

‘ஒண்ணு போட்டாச்சு. ரெண்டாவது... போன வாரம் போட்டிருக்கணும்.’

முறைத்தார். டெஸ்ட் பத்து நிமிஷம். குட்டி என் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது, நானும்தான். நல்லவேளை, பார்வோ இல்லை.

‘ஆன்டிபயாடிக்?’ என்றேன், மேதாவி மாதிரி.

‘அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். இந்தப் பேதிக்கு வேண்டாம்.’ ஒரு பவுடர் கொடுத்தார். பெயர் என்டரோகாக்கஸ் ஃபேசியம். காசு கொடுத்துக் கிருமி வாங்கியது அன்றுதான் முதல் தடவை!

நாயின் எதிர்ப்புசக்திப் பட்டாளத்தில் பெரும்பகுதி குடலில்தான் முகாம் போட்டிருக்கிறதாம். நல்ல கிருமிகள் அதற்கு டிரில் மாஸ்டர். இதே ஜாதிக் கிருமியைச் சாப்பாட்டில் கலந்து குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2003-ல் எழுதியிருக்கிறார்கள். டிஸ்டெம்பர் ஊசி போட்டபின், சாப்பிட்ட குட்டிகளுக்கு எதிர்ப்பொருள் கூடுதல்.

‘அப்ப ஊசி வேண்டாமா சார்?’

‘யோவ், ஊசி போட்டாத்தான் அது. பார்வோவைத் தயிரும் தடுக்காது, பவுடரும் தடுக்காது.’

பேதி நின்றதும் முதல் வேலையாக ஊசி போட்டாயிற்று. அம்மா பவுடரைத் தயிர் சாதத்தில்தான் பிசைந்து போட்டாள்.

ஆபீஸில் மேனேஜர் அக்கறையாக விசாரித்தார்: ‘வயிறு எப்படிய்யா இருக்கு? தயிர் சாதம் சாப்பிடு.’