ராமன் விளைவு: பெருமை நமக்கு, பயன் யாருக்கு?

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய அறிவியல் தினம் கொண்டாடப்படுகிறது. 1928-இல் அந்த நாளில்தான் கொல்கத்தாவில் சர் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனின் துணையுடன் ஒளிச்சிதறலில் ஒரு புதிய உண்மையைக் கண்டறிந்தார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தலைவர்களின் வாழ்த்துச் செய்திகள் இன்றளவும் தவறாமல் வெளியாகின்றன. ஆனால், அந்தக் கண்டுபிடிப்பு இன்று எங்கே வளர்ந்து நிற்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அப்பொருளின் மூலக்கூறு அதிர்வுகளுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. கொழுப்புக்கு ஓர் அடையாளம், புரதத்துக்கு வேறோர் அடையாளம். ஆனால், அந்தச் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதைக் கொண்டு ஒரு படம் எடுக்க நெடுநேரம் பிடிக்கும். இரண்டு லேசர் கற்றைகளின் அதிர்வெண் வேறுபாட்டை மூலக்கூறின் அதிர்வோடு பொருத்தினால், அதே சமிக்ஞை பன்மடங்கு வலுப்பெறுகிறது. இந்த உத்தியை 2008-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சன்னி ஷீ குழுவினர் நுண்ணோக்கியில் புகுத்தினர். 2010-இல் அது விடியோ வேகத்தை எட்டியது. சாயம் ஏற்றாமலேயே உயிருள்ள திசுவைப் பார்க்க முடிகிறது.

இதன் பயன் அறுவை அரங்கில் தெரிகிறது. மூளைக் கட்டியை அகற்றும்போது, எடுத்த திசு எத்தகையது என்பது உடனே தெரிந்தாக வேண்டும். திசுவை உறையவைத்து, சீவி, சாயமேற்றிப் பார்க்கும் வழக்கமான முறைக்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். மண்டை ஓடு திறந்த நிலையில் நோயாளி காத்திருப்பார். அமெரிக்காவில் 278 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், இந்த நுண்ணோக்கியும் செயற்கை நுண்ணறிவும் இணைந்து இரண்டரை நிமிடத்துக்குள் முடிவு சொல்லின. துல்லியம் 94.6 சதவீதம். நோய்க்குறியியல் நிபுணர்களின் முறையில் அது 93.9 சதவீதம்.

அத்தகைய நிபுணர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நம் நாட்டுக்கல்லவா இந்தக் கருவி முதலில் தேவை? நம்மிடம் விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறந்ததைக் கருவியாக்கி மருத்துவமனைவரை கொண்டு சேர்க்கும் சங்கிலிதான் அறுந்து கிடக்கிறது. ஆராய்ச்சிக்கு நாடு செலவிட்டது 2020-21-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.50,000 கோடி என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதில் அரசின் பங்கு ரூ.14,000 கோடி, மீதி ரூ.36,000 கோடி தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட பிறரிடமிருந்து வரவேண்டியது. வரவேண்டியதில் எவ்வளவு வந்தது, எந்த ஆய்வுக்குச் சென்றது என்பதை உறுப்பினர்கள் அவையில் கேட்டுப் பெற வேண்டும். கட்சி வேறுபாடு குறுக்கிட வேண்டிய கேள்வி அல்ல இது.

சூரிய ஒளியையும் எளிய கருவிகளையும் தம் கண்களையும் நம்பி ஆய்வைத் தொடங்கியவர் ராமன். அவர் கண்டறிந்ததை அடிப்படையாகக் கொண்ட கருவியை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் நிலைக்கு நாம் தள்ளப்பட்டால், அவர் படத்துக்கு மாலை அணிவிப்பதில் பொருளில்லை.