இல்லத்துக் கைத்தொழில்: பழைய காரும் பச்சைக் களிம்பும்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டாலிகஞ்ச் அன்பர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். மாற்றலாகிச் சென்ற அதிகாரி ஒருவரிடமிருந்து அவர் வாங்கியது, இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். வயது இருபதைத் தாண்டிவிட்டது.

“அண்ணா, வண்டி கரும்புகை கக்குகிறது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிறது. என்ஜினின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டிருக்கும் என்றார்கள். சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்து, நானே மாற்றினேன். குணமில்லை. இப்போது கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமாம். அதற்குக் கொடுக்க வேண்டுமானால், ஊருக்குச் செல்ல வைத்திருக்கும் பணத்தைத்தான் எடுக்க வேண்டும்” என்றார். இராமநாதபுரத்தில் அவருடைய தாயாருக்குக் கண் அறுவை நிச்சயமாகியிருக்கிறது. மகன் அருகில் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் விருப்பம்.

“தம்பி, பணத்தை எடுக்காதே. முதலில் சோதிப்போம்” என்றேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அது சீமான்களின் விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அதன் நெருங்கிய உறவினர் நம் ஊரிலேயே பிறந்திருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்தனர். அதன் மூலமான டிரயம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே, 1962-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் பெட்டி மூடி போல முன்னால் சாயும். வீட்டு வாசலில் நின்றபடியே என்ஜினைக் கவனித்துக்கொள்ளலாம்.

அக்காலத்துக் காரில் கார்பரேட்டர் பெட்ரோலை அளந்தது. பின்னாளில் வந்த கார்களில் அவ்வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்குக் கண்ணும் காதுமாக இருப்பவை சென்சார்கள். அவற்றுள் எளியது, என்ஜினைச் சுற்றியோடும் குளிர்நீரின் சூட்டைச் சொல்வது. நீர் சூடேற ஏற அதன் மின்தடை குறையும். பல வகைகளில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். உங்கள் காருக்குரிய கணக்கு அதன் கைப்புத்தகத்தில் உள்ளதே.

தடை அதிகம் என்றால் ‘என்ஜின் குளிர்ந்திருக்கிறது’ என்று கம்ப்யூட்டர் கொள்கிறது. குளிர்ந்த என்ஜினுக்கு வேண்டிய மிகுதியான பெட்ரோலை ஊட்டுகிறது. என்ஜின் உண்மையில் சூடாயிருந்தால், மிகுந்த பெட்ரோல் கரும்புகையாக வெளியேறும்.

நாங்கள் செய்த சோதனை இதுதான். பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் வெப்பமானியை நிறுத்தினோம். கழற்றி வைத்திருந்த பழைய சென்சாரின் முனையை மட்டும் நீரில் அமிழ்த்தி, மல்ட்டிமீட்டரால் அளந்தோம். நீர் ஆற ஆற, எண்கள் புத்தகத்தில் உள்ளவாறே ஏறின. பழைய சென்சாரில் குற்றமே இல்லை!

பிறகு கம்பியின் முனையிலுள்ள இணைப்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்காற்றின் உப்பும், இருபருவ மழையின் ஈரமும் இத்தீவுகளில் செய்யும் வேலை அது. களிம்பு இடையில் நின்று தடையைக் கூட்டியது. சூடான என்ஜின், கம்ப்யூட்டரின் கணக்கில் குளிர்ந்ததாகவே இருந்தது. இணைப்பு அடியோடு அறுபட்டிருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கும். அரைகுறையாக இருந்ததனால் விளக்கும் மௌனம் சாதித்தது.

அரித்த முனைகளை வெட்டியெறிந்து, புதியவற்றை இறுக்கி, ஈரம் புகாத உறையிட்டோம். அன்று மாலையே புகை நின்றது. செலவு, ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆவதைக் காட்டிலும் குறைவு.

ஒரு வார்த்தை: செப்புக் குடத்தைத் துலக்குவது போல இங்கே புளியைத் தடவிவிடாதீர்கள், புளிப்பு மேலும் அரிக்கும். மின்னிணைப்புக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவத்தையே பயன்படுத்துங்கள்.

சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்தால், அதை மாற்றும் முறை வருமாறு. என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். கீழே ஓர் ஏனத்தை வைத்து, வழியும் நீரைப் பிடியுங்கள். அதில் கலந்துள்ள திரவம் இனிப்பான நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் நெருங்காமல் காத்திடுங்கள். புதிய வளையமிட்டுச் சென்சாரைக் கையால் திருகிய பின்னரே ஸ்பானரைத் தொடுங்கள். பலம் காட்டினால் அலுமினியத்தின் மறை கெட்டுவிடும். குறைந்த நீரை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, சூட்டுமுள் சரியாக நிற்கிறதா என்று சற்று நேரம் கவனியுங்கள்.

பிரேக்கையும், மோதும்போது விரியும் காற்றுப்பையின் கம்பிகளையும் மட்டும் பழகாத கை தொடலாகாது. காரை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்திவிட்டு அடியில் புகுவதும் கூடாது.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. கப்பல் வர ஏறத்தாழ மூன்று நாள். ஆகவே, அளந்து பார்க்காமல் பொருள் வாங்குவது நமக்கு இரட்டை நஷ்டம். பட்டறைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூலிக்கு நேரம் பார்த்து உழைப்பவருக்கு ஒரு கம்பிமுனைக்காக ஞாயிறு முழுவதும் செலவிட இயலாது. காரின் உடையவருக்கு இயலும்.

அன்பர் கப்பற்சீட்டு வாங்கிவிட்டார். பழைய சென்சார் அவருடைய காரின் பெட்டிக்குள் துணைக்கு இருக்கிறது.

அடுத்த திங்களில், ஓடாமல் நின்றாலும் ஆண்டுக்கணக்கில் முதுமையடையும் டைமிங் பெல்ட்டைப் பற்றிப் பார்ப்போம்.