நோயாளி கையிலிருந்து உளியைப் பிடுங்காதீர்கள்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று மருத்துவர் சொன்ன அன்றே நம் குடும்பங்களில் ஒரு வேலை தொடங்கிவிடும். மோட்டார் சைக்கிள் சாவி இடம் மாறும். மண்வெட்டி பக்கத்து வீட்டுக்குப் போகும். எரிவாயுத் தோம்பைத் தூக்கக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது, கடைக்குத் தனியாகப் போகக் கூடாது. "நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்பதை நாளுக்கு இருபது முறை கேட்கலாம். எல்லாம் அன்பினால்தான். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்த மனிதர், மாத்திரைப் பெட்டியையும் தொலைக்காட்சி ரிமோட்டையும் தவிர வேறெதையும் தொடாதவராக ஆகியிருப்பார்.

இந்த அன்புக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது என் கருத்து. 'குணமான பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாமல், நோய் இருக்கும்போதே நோயாளிக்கென்று ஒரு வேலை இடம் அமைய வேண்டும். முடிந்தவரை அதை அவரே அமைக்க வேண்டும். என் அப்பாவுக்கு அது, தண்ணீர்மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடியில் எழுந்த ஒரு தச்சுப் பட்டறை. அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இந்நாட்டில் பலருக்கும் போல நீரிழிவுதான் காரணம். அவரைப் பற்றிச் சொல்லும் முன், இது ஏதோ ஒரு குடும்பத்தின் விசித்திர ஆசை அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். முதலில் அவருக்குக் காசநோய் வந்தது. பிறகு கடுங்குளிரில் பாதம் உறைந்து, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். சிகிச்சைக்காக நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்கு வந்தவர், 1914-இல் அங்கேயே ஒரு வீட்டை வாங்கி 'ஆறுதல் இல்லம்' என்று பெயரிட்டார். அங்கே பட்டறையும் தோட்டமும் அமைத்தார். மரவேலையாலும் மண்வேலையாலும் தம் உடம்பை மீண்டும் பழக்கினார். 1917 மார்ச்சில் அதே வீட்டில் அவரோடு சேர்த்து ஆறு பேர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்னும் மருத்துவத் துறை முறையாக உருப்பெற்றது அந்தக் கூட்டத்தில்தான். நம் அரசாங்க மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று பெயர்ப் பலகை இருக்குமே, அதுதான் இது. அந்தப் பலகையைக் கவனிக்காமல் மருந்தகத்துக்கு ஓடுகிறவர்கள்தாம் நம்மில் அதிகம்.

அமெரிக்கா தூரம் என்றால் வேலூருக்குப் போகலாம். அங்கே நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கும் முன் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கட்டுமான வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன விரல்களைக் கொண்ட ஒரு நோயாளியிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. கை முழுவதும் செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் மீண்டும் விரியும். அதைச் செய்தும் காட்டினார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. கை நேரானவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் இல்லை என்று அவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அதனால் வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பு உருவானது. அதன் நடுநாயகம் ஒரு தச்சுப் பட்டறை. நோயாளிகள் அங்கே மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள்.

தொழுநோயாளிக்குக் கையில் வலி தெரியாது. வலி தெரியாத கையில் உளியும் ரம்பமும்! இதைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? பட்டறையைப் பூட்டச் சொல்லியிருப்பார்கள். வேலூரில் பூட்டவில்லை. கைகளைத் தவறாமல் பரிசோதித்தார்கள். எங்கே கொப்புளம், எங்கே வெட்டு, எந்தக் கருவியால் என்று ஒவ்வொரு காயத்தையும் துப்பறிந்தார்கள். அதில் தெரிய வந்ததுதான் பெரிய செய்தி. விரல்கள் நோயினால் தானாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் காயம் பட்டு, அது கவனிக்கப்படாமல் புண்ணாகி, அப்படித்தான் அவை குறுகிக்கொண்டே போயின. இரவில் தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல் போயிருக்கிறது. அதற்கு நிலையத்தில் கண்ட மருந்து பூனை வளர்ப்பது! கைகளைச் சும்மா வைத்திருந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்? தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்க நம் பினாங்கிலும் ஜெரெஜாக் தீவு இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், வேலூர் பட்டறையின் துணிச்சல் விளங்கும்.

இனி எங்கள் வீட்டு விஷயம். அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராக இருந்தவர். தைப்பூசம் நெருங்கினால் கோயில் சாலையில் தண்ணீர்ப் பந்தல் அடிக்க நண்பர்கள் முதலில் அழைப்பது அவரைத்தான். இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. பட்டறை கட்டப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அத்தை அழாத குறை. "அண்ணே, இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு ஆணி அடிக்கணுமா? புள்ளைங்க ஒழுங்கா பாத்துக்கலன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். நோயாளியைச் சும்மா உட்கார வைப்பதில் பாதி, நாலு பேருக்காக. இதைச் சொன்னால் உறவினர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதல் வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். ஆபத்து உண்மைதான். அப்பாவின் இடது முன்கையில் தமனியையும் சிரையையும் அறுவைச் சிகிச்சையால் இணைத்திருக்கிறார்கள். விரல் வைத்தால் அங்கே ஓர் அதிர்வு தெரியும். அவருடைய உயிர்நாடியே அந்த இடம்தான். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதை இறுக்கிக் கட்டக் கூடாது, வெட்டுப்படவே கூடாது. ஆகவே இடது கை பிடிக்க வேண்டியதையெல்லாம் எங்கள் பட்டறையில் கிளாம்ப் பிடிக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பின்போது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள். அதனால் அந்த மூன்று நாள்களில் உளிக்கும் ரம்பத்துக்கும் விடுமுறை. நீர் குடிப்பதில் கட்டுப்பாடு இருப்பதால், வியர்த்துத் தாகம் எடுக்கும் வேலை வேண்டாம் என்று காலை பத்து மணிக்குமேல் பட்டறை மூடப்படும். இவற்றையெல்லாம் சிகிச்சை மையத்துத் தாதியரிடம் கேட்டுக் கேட்டு அப்பாவே எழுதி, பட்டறைச் சுவரில் ஒட்டினார். நாங்கள் விதித்திருந்தால் இவை தடைகளாக இருந்திருக்கும். அவர் எழுதியதால் அவை வேலை விதிகள் ஆயின.

மரத்திலும் கவனம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது தொழிற்சாலைகள் கழித்துப் போடும் சரக்குப் பலகைகள். ஏற்றுமதிக்குப் பயன்படும் அந்தப் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால். இரண்டாவது இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம். மரத்தூளும் சாதாரணமானதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே முகக்கவசம், திறந்த சுவர், மின்ரம்பத்துக்குப் பதில் கைரம்பம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் நிலை வேறு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலுக்குப் பூஞ்சை பிடித்த பழைய பலகையே போதும் ஆபத்துக்கு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பட்டறை எழும்ப எட்டு மாதமானது. ஆரோக்கியமான இருவர் இரண்டு வார இறுதியில் முடித்திருப்பார்கள். நடுவில் கிருமித் தொற்று வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். அப்போதும் மறுசந்திப்புச் சீட்டின் பின்பக்கத்தில் கருவிகள் தொங்கவிடும் பலகைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். இழைப்புளி எங்கே, மட்டப்பலகை எங்கே, சுத்தியல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று. பக்கத்துக் கட்டில் தாத்தாவும் அதில் ஒரு திருத்தம் சொன்னாராம். வேலை மேசை உட்கார்ந்து இழைக்கும் உயரத்தில் இருக்கிறது. நின்றால் அவருக்குக் கால் வீங்கும். மொத்தச் செலவு ஏறக்குறைய 900 ரிங்கிட். அதில் பாதிக்கு மேல் மின்கம்பி இழுத்தவருக்குப் போனது. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதனால் நோய் குறைந்ததா? இல்லை. வாரம் மூன்று முறை என்பது வாரம் மூன்று முறைதான். மரவேலை சிறுநீரகத்தைத் திருப்பித் தராது, தரும் என்று யாராவது காணொளியில் சொன்னால் நம்பாதீர்கள். மாறியது வேறு. முன்பெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் "கிரியாட்டினின் எவ்வளவு?" என்று கேட்பார்கள். இப்போது "அந்த ஸ்டூல் முடிஞ்சுதா?" என்று கேட்கிறார்கள். அப்பாவுக்குப் பதில் சொல்லப் பிடித்த கேள்வி எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாணவ நண்பர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பல்கலைக்கழக மன்றங்கள் நோயாளிகளைப் பார்க்கப் பழக்கூடை கொண்டு போகின்றன. நல்ல மனம்தான், ஆனால் சிறுநீரக நோயாளிக்கு வாழைப்பழமே ஆகாது, பொட்டாசியம் அதிகம். அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை பலகை தூக்குங்கள், ஆணி பிடுங்குங்கள், நீளமான சட்டத்தின் மறுமுனையைப் பிடியுங்கள். பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது முக்கியம். பென்சிலால் ஒரு கோடு போட அப்பாவுக்கு நான்கு நிமிடம் ஆகிறது. பொறியியல் படிக்கும் என் அண்ணன் அதை நொடியில் போட்டுவிடுவார். ஆனால் அந்த நான்கு நிமிடத்துக்காகத்தானே இந்தப் பட்டறையே?

பின்கட்டு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பினாங்கில் நம்மவர் பலர் ரைபிள் ரேஞ்ச் போன்ற அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். நடைவழியில் மேசை போட முடியாது, தீ விபத்தின்போது அதுதான் தப்பிக்கும் வழி. மடக்கு மேசையில் சிறு பெட்டி, பொம்மை, செதுக்கு வேலை என்று வீட்டுக்குள் கொஞ்சம் செய்யலாம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்குக் கருவிகள் இருக்கின்றன. மதியத்துக்குமேல் பல பள்ளிகளில் வகுப்பறைகள் சும்மாதான் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் அப்படி ஓர் அறையை வட்டாரத்தில் உள்ள நோயாளிகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? தேவைப்படுவது ஒரு சாவி, ஒரு முதலுதவிப் பெட்டி, மரவேலை தெரிந்த ஒருவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒப்புதல். மரவேலை தெரிந்தவருக்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார், புதனும் வெள்ளியும் அவருக்கு ஓய்வு நாள்.