ஐம்பது மார்க்கில் போதைக்கு எத்தனை?

இந்த வயதில் பீரைப் பற்றி எழுத்தா என்று சிலர் கேட்பீர்கள். யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. ஒரு பானத்தை எதை வைத்து நல்லது, மட்டம் என்று சொல்கிறோம் என்பதுதான் விஷயம்.

பெங்களூரு இந்திராநகரில் 'டாய்ட்' என்று ஒரு கடை, 2010 முதல் இருக்கிறது. பீரை அங்கேயே தயாரித்து அங்கேயே ஊற்றித் தருகிறார்கள். தம்பி மகன் அழைத்துப் போய் 'டாய்ட் ரெட்' வாங்கித் தந்தான். ஐரிஷ் ரெட் ஏல் வகை. ஒரே கிளாஸ்தான், முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். செம்பு நிறம். முதல் வாயில் கருகாத சர்க்கரைப் பாகு போல லேசான இனிப்பு, பிறகு வறுத்த தானிய வாசனை, கடைசியில் நாக்கில் ஒட்டாத சிறு கசப்பு. ஜில்லென்று இருந்தபோது தெரியாத வாசனை, குளிர்ச்சி குறையக் குறைய மேலே வந்தது. "எப்படி பெரியப்பா?" என்றான். "நன்றாக இருக்கிறது, இனிப்பு ஒரு பிடி குறைந்திருக்கலாம்" என்றேன்.

சிவப்புக்குச் சாயம் கிடையாது. பார்லியை முளைக்கட்டி உலர்த்தும்போது சிலதைக் கூடுதலாக வறுக்கிறார்கள். நிறமும் மணமும் அதில் வருகிறது. பிரெஞ்சில் இந்த நிற பீருக்கு 'ரூஸ்' என்று பெயர். அந்த மொழியில் படித்ததால் இன்னொன்றும் தெரியும்: குடிப்பதற்கு ஒரு சொல், ருசித்து அறிவதற்கு 'தெகுஸ்தே' என்று வேறு சொல். நம்மிடமும் 'ருசி பார்ப்பது' இருக்கிறது. பீருக்கு மட்டும் அதை நாம் பயன்படுத்துவதில்லை.

பீர் நடுவர்களுக்கு அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு உண்டு. அவர்களுடைய மதிப்பெண் தாளைப் பார்த்தால் என்னைப் போன்ற பழைய குமாஸ்தாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. போதைக்கென்று ஒரு கட்டமே இல்லை! ஐரிஷ் ரெட் ஏலுக்கு அவர்கள் சொல்லும் ஆல்கஹால் அளவே 3.8 முதல் 5 சதவீதம்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விட்டதும் டாஸ்மாக் வாசலில் கேட்கும் கேள்விகள் இரண்டு: "ஸ்ட்ராங் இருக்கா? கூலிங் இருக்கா?" ஸ்ட்ராங் என்றால் 8 சதவீதம் வரை. உறைகிற குளிரில் நாக்கு மரத்துப்போகும். ருசி தெரியக்கூடாது என்றே குடிப்பது போல இருக்கும். வாங்குகிறவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2003 முதல் சில்லறைக் கடையை நடத்துவது அரசாங்கம். இருப்பதில் ஒன்றை வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். 1987 முதல் கள்ளுக்கும் தடை. பக்கத்துப் புதுச்சேரியில் கள் உண்டு, இங்கே இல்லை.

'ருசியெல்லாம் பணக்காரர் பேச்சு' என்பார்கள். பெங்களூரு விலை கூலிக்காரருக்குக் கட்டாது, உண்மை. ஆனால் ருசி பணக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆவடி டீக்கடையில் "டிகாக்‌ஷன் பழசு" என்று கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிறவரும் தொழிலாளிதான். காபியில் சிக்கரி கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு அது. அதே ஆளிடம் மதுக்கடை நாக்கைக் கேட்பதில்லை. தலை சுற்றுமா என்பதை மட்டும் கேட்கிறது.

அரசாங்கம் விற்றே தீரும் என்றால், காரம் குறைந்த சரக்கைக் கண்ணில் படும்படி வைக்கட்டும். உட்கார்ந்து சாப்பாட்டோடு குடிக்கச் சுத்தமான இடம் தரட்டும். ருசிக்காகக் குடிப்பவருக்கு ஒரு கிளாஸ் போதும். போதைக்காகக் குடிப்பவருக்கு எது போதும்? அதற்கான பதில் அவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும்.