திரும்பியவர் தலையில் முழுப் பழியா?

ஐக்கிய அரபு அமீரகத்தின் சாலைகளில் 2023-இல் 352 பேரும் 2024-இல் 384 பேரும் உயிரிழந்ததாக அந்நாட்டு உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. உயிர்ச்சேதம் இல்லாத மோதல்கள் இதைவிடப் பல மடங்கு. சிக்னலிலும் ரவுண்டானாவிலும் யூ-டர்ன் வளைவிலும் திரும்பும்போது நேரும் மோதல்களில் வழி யாருக்கு, தவறு யாருடையது என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. அதற்கான விடையை அங்கே வாழும் தமிழர்கள் போலீஸ் தரும் அறிக்கைக் காகிதத்தின் நிறத்தால் அறிவார்கள். பச்சை கிடைத்தவர் பாதிக்கப்பட்டவர். சிவப்பு கிடைத்தவர் தவறு செய்தவர். போலீஸ் அறிக்கை இல்லாமல் எந்த கேரேஜும் அடிபட்ட வண்டியைத் தொடாது. காப்பீட்டு நிறுவனமும் அதைப் பார்த்துத்தான் பணம் தரும்.

இவ்வளவு கனமான இந்த முடிவு பெரும்பாலும் ஒரே ஒருவர் மேல் முழுமையாக விழுகிறது. இது மாற வேண்டும். மோதலில் யாருக்கு எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்கே பொறுப்பும் சுமத்தப்பட வேண்டும்.

அடிப்படை விதியில் நமக்கு மாறுபாடு இல்லை. திரும்புகிறவர் நேராக வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, நுழைகிறவர் வழிவிட வேண்டும். இரண்டு லேன்கள் சேர்ந்து இடப்பக்கம் திரும்பும் இடத்தில், தன் லேனை விட்டு அடுத்த லேனுக்குள் பாய்ந்தவரே தவறு செய்தவர். வலப்பக்கக் கிளைச்சாலையில் சிக்னலுக்கு நிற்காமல் திரும்புகிறவர், அதன் முடிவில் வழிவிடும் கோடு இருந்தால் அங்கே காத்திருக்க வேண்டும். இவை இல்லாமல் எந்தச் சந்திப்பும் இயங்காது.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் ஓட்டுநர்கள் இந்த விதிகளைக் கூடுதல் கவனத்தோடு கற்க வேண்டும். நம்மூரில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடுவது வலது திருப்பம். வளைகுடாவில் அது இடது திருப்பம். நம்மூர் ரவுண்டானாவில் கண் வலப்பக்கம் போக வேண்டும், அங்கே இடப்பக்கம். ஆண்டுக்கணக்கில் பழகிய கண்ணும் கையும் ஒரே வாரத்தில் மாறிவிடாது. எதிரே வருகிறவர் விளக்கை மின்னவிட்டு ‘போ’ என்று சைகை செய்தால், அதை நம்பித் திரும்புவதும் ஆபத்து. அவர் நின்றாலும் அவருக்குப் பக்கத்து லேனில் வருகிறவர் நிற்க மாட்டார். அப்போது சைகை காட்டியவர் போய்விடுவார், பொறுப்பு திரும்பியவருடையதாகிவிடும்.

ஆனால் முன்னுரிமை என்பது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் உரிமை அல்ல. 80 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் ஒருவர் 100-இல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்குள் வருகிறவர் ஐந்து விநாடியில் சுமார் 111 மீட்டர் கடப்பார். இவர் சுமார் 139 மீட்டர் கடந்துவிடுவார். திரும்புகிறவர் போதும் என்று கணித்த இடைவெளியில் 28 மீட்டர் காணாமல் போகிறது. அந்த 28 மீட்டரைத் தின்றவருக்குப் பச்சைக் காகிதமும், கணித்துத் திரும்பியவருக்குச் சிவப்புக் காகிதமும் கிடைப்பது நியாயமா? 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் அமீரகம் 2007-இல் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே ஓட்ட வேண்டும் என்று ஒவ்வோர் ஓட்டுநரையும் அது கட்டாயப்படுத்துகிறது. நேராக வருகிறவருக்கு அதில் விலக்கு இல்லை.

பொறுப்பைப் பங்கிடுவது புதிய யோசனையும் அல்ல. சவூதி அரேபியாவில் காப்பீடு செய்த வண்டிகளின் விபத்துகளை ஆராயும் நஜ்ம் நிறுவனம், தவறை 25, 50, 75, 100 என்று சதவீதமாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இரு தரப்பின் கவனக்குறைவையும் எடைபோட்டே தொகையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. அமீரகத்திலேயே 1985-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், தன் செயலால் தீங்குக்குத் துணைபோனவரின் இழப்பீட்டைக் குறைக்க 290-ஆம் பிரிவில் நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. நீதிமன்றம் வரை போகிறவருக்குக் கிடைக்கும் அந்த நியாயம், சாலையோரத்தில் நிற்கும் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.

ஏனென்றால் அவருக்கு நீதிமன்றம் வெகு தூரம். எதிர்த்தரப்பின் சேதத்தைக் காப்பீடு ஏற்கும். ஆனால் ஓட்டிய வண்டியின் சேதத்தில் ஒரு பகுதியை முதலாளி ஓட்டுநரிடம் கேட்பது வளைகுடாவில் வாழ்ந்த யாருக்கும் புதிதல்ல. ஓட்டுநரின் தவறால் நேர்ந்த சேதத்துக்கு, அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதலோடு சம்பளத்தில் பிடிக்க அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. பல காரணங்களுக்காகப் பிடித்தாலும் மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. ஆனால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிப்பவர் ஒப்புதல் தர மறுப்பாரா? தவறு முழுவதும் உன்னுடையது என்று அறிக்கை சொல்லிவிட்டால் பேரம் பேசவும் அவருக்கு வாயில்லை. பாதித் தவறு என்று பதிவாகியிருந்தால், பாதிக்கு மேல் கேட்காதே என்று சொல்ல அவர் கையில் ஓர் ஆவணம் இருக்கும்.

சதவீதக் கணக்கு சண்டையை வளர்க்கும், சாலையில் நெரிசல் கூடும் என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால் சிறு மோதல் என்றால் வண்டிகளை உடனே ஓரங்கட்டி, படம் எடுத்து, செயலி வழியே பதிவு செய்யும் முறை துபாயில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. சந்திப்புகளில் கேமராக்கள் உள்ளன. சாலையைத் திறந்துவிட்ட பிறகு பொறுப்பை நிதானமாக முடிவு செய்வதால் நெரிசல் வராது. திரும்பியவர் இதனால் தப்பித்துவிடுவார் என்ற அச்சமும் வேண்டாம். வழிவிடாதவர் பெரும்பங்கைச் சுமக்கத்தான் வேண்டும். வேகமாக வந்தவரும் தன் பங்கைச் சுமப்பார் என்பதே மாற்றம். தனக்கும் செலவு வரும் என்று தெரிந்தால்தான் அவர் கால் பிரேக்குக்குப் போகும்.

30 ஆண்டு பழைய சட்டத்தை நீக்கி, 2024-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் போக்குவரத்துச் சட்டத்தை அமீரகம் 2025 மார்ச் 29 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இதே வேகத்தில் மூன்று காரியங்களைச் செய்யலாம். விபத்து அறிக்கையில் இரு தரப்பின் பொறுப்பையும் சதவீதமாகக் குறிக்க வேண்டும். அதற்கான காரணத்தை, ஓட்டுநர் படித்து அறியும் மொழியில் எழுதித் தர வேண்டும். தமிழும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். முடிவை ஏற்காதவர் செலவின்றி மேல்முறையீடு செய்யக் குறிப்பிட்ட கால அவகாசம் தர வேண்டும். இந்தக் கோரிக்கைகளை அபுதாபியில் உள்ள இந்திய, இலங்கைத் தூதரகங்கள் உரிய அமைச்சகத்திடம் எடுத்துச் செல்ல வேண்டும். அயலகத் தமிழர்களின் நலனுக்கென்றே ஒரு துறை வைத்திருக்கும் தமிழக அரசு, ஓட்டுநர் வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு வளைகுடாவின் முன்னுரிமை விதிகளைச் சொந்த மண்ணிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.